இரண்டு குளத்துக் கேள்வி

முன்னொரு காலத்தில் மேகலாபுரிச் சீமையை அதிவீரன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நினைத்தால் நினைத்தபடி சட்டம் போடுகிற ஆள். ஒரு நாள் காலையில் எழுந்தவன், "நம் உயர்கல்விச் சாலையில் சேர வேண்டுமானால் கணக்குத் தேர்வு எழுத வேண்டும். இருபது கேள்வி, ஒரு நாழிகை. பதினெட்டு சரியாக இருந்தால் இடம். இரண்டு முறை தவறினால் மூன்றாம் முறை கிடையாது" என்று பறையடிக்கச் சொல்லிவிட்டான். கேள்விகளைத் தயாரித்தவர் அரண்மனைக் கணிதர் ஏகாம்பரர். தம்மைவிடக் கணக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்று கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

ஆற்றில் பரிசல் ஓட்டுகிற பூவாயி முதல் முறை எழுதிப் பன்னிரண்டுதான் வாங்கினாள். அவமானமாக இருந்தது. ஆனாலும் தன் ஓலையைத் திருப்பி வாங்கி, தப்பான எட்டையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டுதான் தெரியாத கணக்கு. மற்ற ஆறும் அவசரத்தில் விட்டவை. ஒரு கேள்வியில் மீதி நெல் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள், இவள் அளந்து போட்ட நெல்லை எழுதியிருந்தாள்.

அந்த வருஷம் முழுக்க, ஆள் சேரும் வரை கரையில் பரிசலை நிறுத்திவிட்டு மணலில் கணக்குப் போட்டாள். என்ன கேட்கிறார்கள், என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் எழுதுவாள். பிறகுதான் கூட்டுவாள், பெருக்குவாள்.

இரண்டாம் தேர்வு முடிந்து, முடிவை அவையில் வாசித்தார்கள்.

"பூவாயி, பதினேழு" என்றார் ஏகாம்பரர்.

பூவாயி முன்னால் வந்தாள். "எதெல்லாம் தப்புங்க, ஐயா?"

"இரண்டு கணக்கில் கூட்டல் தப்பு. மூன்றாவது, கடைசிக் கேள்வி. இரண்டு குளம், இரண்டுக்கும் சுற்றளவு நானூறு கோல். எதில் தண்ணீர் அதிகம் கொள்ளும்? எல்லாரும் சமம் என்று எழுதினார்கள். நீ சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறாய்."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முடியாது என்பதெல்லாம் ஒரு விடையா, பெண்ணே?"

"இந்தக் கேள்விக்கு அதுதாங்க விடை, மகாராஜா. ஒரே நீளத்தில் இரண்டு கயிறு கொடுத்தால் காட்டுகிறேன்."

பந்தல் கயிறு இரண்டு வந்தது. ஒன்றை வட்டமாகத் தரையில் வைத்தாள். மற்றதை இழுத்து, நீளமாக, இரண்டு விரல் அகலத்துக்கு வைத்தாள்.

"சமம் என்றால் மகாராஜா வட்டத்துக்குள் நிற்கட்டும். ஐயா இதற்குள் நிற்கட்டும்."

ராஜா இறங்கி வந்து தாராளமாக நின்றான். ஏகாம்பரர் தம் கயிற்றுக்குள் ஒரு பாதத்தைக்கூட வைக்க முடியாமல் தடுமாறினார். அவை சிரித்தது.

"ஆழத்தையும் சொல்லவில்லைங்க" என்றாள் பூவாயி மெதுவாக.

ராஜா வட்டத்துக்குள் நின்றபடியே ஏகாம்பரர் பக்கம் திரும்பினான். "கணிதரே, கேள்வியும் உமது, விடையும் உமது, இரண்டும் தப்பு. இவளுக்குப் பதினெட்டு. இடமும் உண்டு. நீர்தான் இவளுக்குப் பாடம் நடத்த வேண்டும்."

முதல் நாள் வகுப்பில் ஏகாம்பரர் பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினார். மாணவர்கள் எழுத்தாணியை எடுத்தார்கள்.

"பொறுங்கள்" என்றார். பிறகு மூன்றாம் வரிசையைப் பார்த்து, "விவரம் எல்லாம் இருக்கிறதா, பூவாயி?"

அவள் இரண்டு முறை படித்தாள். "இருக்குங்க, ஐயா."

"சரி, போடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.