குகைக்காக ஓடிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் மழை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது முள்ளம்பன்றியின் வளை இடிந்து விழுந்தது. மூன்று குட்டிகளையும் வைத்துக்கொண்டு பாவம், அது எங்கே போகும்?

மலையடியில் ஒரு குகை காலியாக இருந்தது. மலையைச் சுற்றி முதலில் ஓடி வருபவருக்கே அந்தக் குகை என்று யானை அறிவித்தது. முள்ளம்பன்றி பெயர் கொடுத்தது. கரடியும் கொடுத்தது. கரடிக்குக் குகை ஏற்கெனவே இருந்தது. தேன் வைக்க இன்னொன்று வேண்டுமாம்!

வழியெல்லாம் கூரான கற்கள். பாதி வழியில் ஓர் ஓடை. ஆகவே இரண்டும் ஓடைக்கரையில் காலுறை பின்னும் தூக்கணாங்குருவியிடம் போயின.

கரடி, இலவம்பஞ்சில் பின்னிய சிவப்புக் காலுறையை எடுத்தது. “ஆகா, மெத்தை மாதிரி இருக்கிறதே! இதுதான் எனக்கு” என்றது.

முள்ளம்பன்றி கேட்டது: “குருவியம்மா, போட்டு ஓடிப் பார்க்கலாமா?”

“தாராளமாக ஓடு.”

முள்ளம்பன்றி முதலில் தடித்த காலுறையைப் போட்டு ஓடையில் இறங்கி ஏறியது. அது நீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. அடுத்தது தொளதொளவென்று குதிகாலிலிருந்து நழுவியது.

“காலுறை வாங்க வந்தாயா, குளிக்க வந்தாயா?” என்று கரடி வயிறு குலுங்கச் சிரித்தது.

முள்ளம்பன்றி மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டது. மீண்டும் ஓடையில் இறங்கியது. ஐந்தாவதாகப் போட்டது சன்ன நாரில் பின்னிய சாம்பல் நிறக் காலுறை. குதிகாலைக் கச்சிதமாகப் பிடித்தது. விரலை உறுத்தவில்லை. பத்தடி ஓடுவதற்குள் நீரெல்லாம் வடிந்துவிட்டது.

“இதைக் கொடுங்கள்” என்றது முள்ளம்பன்றி.

“ஐயே, சாம்பல் பூசியது போல இருக்கிறதே!” என்றது கரடி.

அன்று முதல் முள்ளம்பன்றி தினமும் அதைப் போட்டுக்கொண்டு ஓடியது. கரடியோ தன் காலுறையை இலையில் சுற்றி வைத்தது. “போட்டியன்று புத்தம் புதிதாகப் போடுவேன். இப்போதே அழுக்காக்குவேனா?”

போட்டி நாள் வந்தது. வானம் கறுத்திருந்தது. கரடி பாய்ந்து முன்னே போனது. முள்ளம்பன்றி வெகுதூரம் பின்தங்கியது. ஆனாலும் நிற்கவில்லை.

ஓடையைத் தாண்டியதும் கரடியின் காலுறை நனைந்து கனத்தது; சுருண்டு குதிகாலுக்கு அடியில் மடிந்தது. கரடி அப்படியே ஓடியது. கொப்புளம் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் கொப்புளம் உடைந்தது. கரடி “ஐயோ!” என்று பாறைமேல் உட்கார்ந்து காலுறையைக் கழற்றியது. வெறுங்காலைக் கீழே வைத்தால் கல் குத்தியது.

முள்ளம்பன்றி ஓடையைக் கடந்து தடதடவென்று வந்தது.

கரடிக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. “என்ன இருந்தாலும் உன்னுடையதைவிட என் காலுறைதான் அழகு!”

“அழகுதான், கரடியண்ணா. அதனால்தான் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்” என்று சொல்லிக்கொண்டே முள்ளம்பன்றி ஓடியது.

முதல் மழைத்துளி விழுந்தபோது மூன்று குட்டிகளும் குகைக்குள் இருந்தன.

நீதி: கண்ணுக்குப் பிடித்ததைவிடக் காலுக்குப் பழகியதே ஓட்டத்தில் கைகொடுக்கும்.