திறக்க மாட்டேன் என்ற இன்ஜின்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் அடைக்கலமேரி என்று ஒரு தோணி நின்றது. மரத் தோணி. பாயும் உண்டு, இன்ஜினும் உண்டு. காற்று தோதாக அடித்தால் பாய் இழுக்கும். காற்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் இன்ஜின் இழுக்கும். முப்பத்தொரு வருஷமாக இரண்டும் சேர்ந்துதான் மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் சுமந்தன. சேர்ந்து என்றால், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

பாய்க்கு வாய் அதிகம். இன்ஜினுக்கு வீறாப்பு அதிகம்.

"எனக்குள்ள கெடக்கது எல்லாம் கம்பெனி போட்ட சாமான். ஒரு வாஷர்கூட மாத்தினது கெடையாது, கேட்டியா?" என்று பக்கத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு தோணியின் இன்ஜினிடமும் அது சொல்லும். கேட்காவிட்டாலும் சொல்லும்.

போன பருவத்தில் அந்த வீறாப்புக்கு அடி விழுந்தது. மாலேயிலிருந்து திரும்பும்போது இன்ஜின் மூன்று தடவை நின்றுவிட்டது. மூன்றாவது தடவை கரும்புகை கக்கி, இருமி, அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஒரு பகல் முழுக்கத் தோணி மிதந்தது. பிறகு பாய்தான் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதைப் பாய் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"நான் நிக்கலை. கொஞ்சம் யோசிச்சிட்டு இருந்தேன்," என்றது இன்ஜின். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி அது.

தோணிகள் கடலுக்குப் போகாத மாதங்கள் வந்தன. முதலாளி கஸ்பார் மச்சாது ஒரு நாள் காலையில் மெக்கானிக் சுடலைமணியைக் கூட்டிக்கொண்டு தோணிக்கு வந்தார். பின்னாலேயே ஒரு லாரி வந்து, மரப்பெட்டி ஒன்றைத் துறைமேடையில் இறக்கியது. பெட்டிக்குள்ளே பாலிதீன் சுற்றிய புது இன்ஜின்.

"சுடல, பழசை முதல்ல திறந்து பாரு," என்றார் முதலாளி. "உள்ளே தேறும்னா பிரிச்சு வேலை பாத்து மாட்டுவோம். தேறாதுன்னா வெட்டி எடுத்து இரும்புக்கடைக்குப் போட்டுட்டு, பெட்டியில இருக்கவனை இறக்கு. வெள்ளிக்கிழமை எனக்கு முடிவு தெரியணும்."

"சரி அண்ணாச்சி," என்றான் சுடலைமணி.

இரும்புக்கடை என்ற சொல் காதில் விழுந்ததும் நங்கூரம்கூடச் சங்கிலியை அசைக்காமல் கிடந்தது. இரும்பாய்ப் பிறந்தவர்களுக்கு அது கல்லறைத் தோட்டம் மாதிரி.

"பயப்படாதே தம்பி," என்றது பாய். "திறந்து பாப்பான், ரெண்டு சாமான் மாத்துவான், மூடுவான். அவ்வளவுதானே?"

"திறக்க விடமாட்டேன்," என்றது இன்ஜின்.

"என்னது?"

"போறதுன்னா முழுசாப் போறேன். என்னைப் பிரிச்சுச் சாக்குல பரப்பிப் பாக்க எவனுக்கும் அதிகாரம் கெடையாது."

சுடலைமணி ஸ்பேனரை மேல்மூடி நட்டில் மாட்டி அழுத்தினான். இன்ஜின் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டை இறுக்கிப் பிடித்தது. அவன் மண்ணெண்ணெய் ஊற்றினான். இன்ஜின் அதைக் குடித்துவிட்டு இன்னும் கெட்டியாகப் பிடித்தது. சுத்தியலால் செல்லமாக நாலு தட்டுத் தட்டினான், பிறகு செல்லமில்லாமல் நாற்பது.

"ஓய், விடும் ஓய்," என்று ஸ்பேனர் கெஞ்சியது. "உமக்கு ரோஷம், எனக்கு வாய் தேயுது."

புதன் போனது, வியாழன் போனது. சுடலைமணியின் உள்ளங்கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

"அண்ணாச்சி, கல்லாட்டம் கெடக்கு," என்றான். "இன்னும் அழுத்தினா ஒண்ணு நட்டு உடையும், இல்லேன்னா என் கை உடையும். திறக்காம உள்ளே தேறுமா தேறாதான்னு நான் ஜோசியம் சொல்ல முடியாது."

முதலாளி இன்ஜின்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். வீட்டு வாசல் கதவுக்கு என்ன பெயின்ட் அடிப்பது என்று ஒரு வருஷம் யோசித்த மனுஷர் அவர்.

"அப்ப நாளைக்குக் காலையில கேஸ் கட்டர்காரனை வரச் சொல்லிரு," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அவர் போனதும் பாய் கேட்டது. "இப்ப உண்மையைச் சொல்லு. உள்ளே என்னலே வச்சிருக்க?"

இன்ஜின் இருமி மழுப்பப் பார்த்தது.

"சாகப்போற நேரத்துல எங்கிட்ட என்ன மறைப்பு?"

இன்ஜின் மெதுவாகச் சொன்னது. "எக்கா, நான் சொன்னதெல்லாம் பொய். கம்பெனி சாமானா? பாதி, நமக்குச் சோறு பொங்குத பண்டாரி லாசர் வச்சது. நடுக்கடல்ல எது போச்சோ, அதுக்கு அடுப்படியில எது கெடந்துச்சோ அது. பால்பவுடர் டின்னை வெட்டி ஒரு இடத்துல வச்சிருக்கான். அகப்பைக் காம்பை அறுத்து இன்னொரு இடத்துல. இன்னொண்ணு இருக்கு, அதை என் வாயால சொல்லமாட்டேன். திறந்தா ஊரே சிரிக்கும். முப்பத்தொரு வருஷம் பேசின பேச்சு என்ன ஆகும்?"

பாய் சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

"என்னைப் பாருலே," என்றது. "நாப்பத்திரண்டு ஒட்டு. அரிசிச் சாக்கு ஒண்ணு, லாசர் இடுப்புல கட்டிக் கிழிச்ச பழைய சாரம் ஒண்ணு. அதுவும் கட்டம்போட்ட சாரம். நான் விரிஞ்சா துறைமுகமே எண்ணிச் சொல்லும். வீட்டுக்கு வீடு வாசப்படிதான். உனக்கு மேல ஒரு மூடி இருக்கு, எனக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

நல்ல பேச்சுதான். ஆனால் நல்ல பேச்சைக் கேட்டதும் திருந்திவிட நம்மாலேயே முடியாது, இன்ஜினால் முடியுமா? அது நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் கட்டர்காரன் வந்தான். சிலிண்டரை உருட்டி ஏற்றி, குழாயை இழுத்துப்போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டான். முதலாளி தள்ளி நின்றார். லாசர் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்குவதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் வெங்காயமே எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, மனசு கேக்க மாட்டேங்குது. கடைசியா ஒரு தடவை பாத்துருதேன்," என்று சுடலைமணி ஸ்பேனரை நட்டில் மாட்டினான். இன்ஜின் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்தது.

அப்போதுதான் துறைமேடையில் இருந்த பெட்டிக்குள்ளிருந்து புது இன்ஜின் பணிவாக வாயைத் திறந்தது.

"மன்னிக்கணும், ஒரு சந்தேகம். நடுக்கடல்ல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வாங்க? என்கூட வந்த புத்தகத்துல, 'உடனே அருகிலுள்ள சேவை நிலையத்திற்கு எடுத்துச் செல்லவும்'னு போட்டிருக்கு. கடல்ல அது எந்தப் பக்கம்?"



முதலில் நங்கூரம் சிரித்தது. அடுத்து பாய் படபடவென்று சிரித்தது. "நேராப் போயி, சுறாகிட்ட விலாசம் கேளு தம்பி!" என்றது. இன்ஜின் அடக்கிப் பார்த்தது. அடக்க முடியவில்லை. அந்தப் புகைபிடித்த வயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிறவனால் பல்லைக் கடிக்க முடியுமா? நட்டின்மேல் வைத்திருந்த பிடி நழுவியது.

கிரீச்.

"நட்டு சுத்திட்டு!" என்று கத்தினான் சுடலைமணி. "அண்ணாச்சி, சுத்திட்டு!"

"ஐயையோ!" என்றது இன்ஜின். யார் காதில் விழும்? ஒரு நட்டு விட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும். அரை மணி நேரத்தில் மூடி கழன்றது.

சுடலைமணி ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் வைத்தான். பால்பவுடர் டின் தகடு வந்தது. அகப்பைக் காம்பு வந்தது. கட்டர்காரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். கடைசியில் தண்ணீர் போகும் பக்கத்து மூடிக்கு அடியிலிருந்து, வட்டமாக வெட்டிய கெட்டியான தோல் ஒன்று வந்தது. ஓரத்தில் மஞ்சள் நூல் தையல் தெரிந்தது.

முதலாளி குனிந்தார். கையில் எடுத்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"சேசுவே! இது என் செருப்புல்லா!"

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் ஒரு தடவை தோணியில் மாலத்தீவு போனார். புதுத் தோல்செருப்போடு போனவர், ஒற்றைச் செருப்போடு ஊருக்குள் நடந்து வந்தார். லாசர்மேல்தான் சந்தேகம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவனைக் கூப்பிட்டு, மாதா முன்னால் சத்தியம் பண்ணச் சொல்வார். அவனும் பண்ணுவான்.

"ஏல லாசர்! மாதா முன்னால பொய்ச் சத்தியமா பண்ணின?"

"திருடலைன்னுதான் முதலாளி சத்தியம் பண்ணினேன். எடுக்கலைன்னு பண்ணலையே," என்றான் லாசர். "அன்னைக்கு மூடிக்கு அடியில வைக்கிற கேஸ்கட் கிழிஞ்சு தண்ணி பீச்சி அடிக்குது. கடல் ஏறிட்டு வருது. நீங்க வாந்தியெடுத்துக் கவுந்து கெடந்தீங்க. தோல் வேணும். பதினோரு பேர்ல தோல்செருப்பு போட்டிருந்தது நீங்க ஒரு ஆளுதான்."

சிரிப்பு வெடித்தது. கட்டர்காரன் தன் சிலிண்டர்மேலேயே உட்கார்ந்து சிரித்தான். சாக்கின்மேல் பரப்பிக் கிடந்த இன்ஜினுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எதற்குப் பயந்து சாகக்கூடத் துணிந்ததோ, அது நடந்தேவிட்டது.

சுடலைமணி மட்டும் சிரிக்காமல் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேடிக்கையைப் பாத்தீங்களா அண்ணாச்சி? கம்பெனி போட்ட ரிங்கு தேஞ்சுபோச்சு, பேரிங் தேஞ்சுபோச்சு. இவன் போட்டது மூணும் அப்படியே நிக்குது. பாடி நல்ல கெட்டி. ரிங்கும் பேரிங்கும் போட்டுக் கட்டினா இன்னும் பத்து வருஷம் தாராளமா ஓடும். கட்டர்காரனைத் திருப்பி அனுப்பிரட்டா?"

முதலாளி அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கவிழ்ந்து கிடந்த தன்னை எது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. வாசல் கதவுக்கு ஒரு வருஷம் யோசித்தவர், இதற்கு யோசிக்கவே இல்லை.

"அனுப்பு," என்றார். "இந்தத் தோலும் காஞ்சுட்டு. புதுசு வைக்கணும்லா?"

"ஆமா. கம்பெனி கேஸ்கட் சொல்லிவிடுதேன்."

"வேண்டாம்," என்றார் முதலாளி. காலிலிருந்த இரண்டு செருப்பையும் கழற்றி லாசர் கையில் கொடுத்தார். "ஒண்ணு இப்ப. இன்னொண்ணு நடுக்கடலுக்கு."

சொல்லிவிட்டு, ஆகஸ்டு வெயிலில் காய்ந்த துறைமேடையில், வெறுங்காலோடு தத்தித் தத்தி நடந்து போனார். இன்ஜினிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் வழிந்தது. எங்கேயோ கசிகிறது என்று நினைத்துச் சுடலைமணி அதைத் துணியால் துடைத்துவிட்டான்.

பெட்டியைத் திரும்ப லாரியில் ஏற்றினார்கள். லாரி கிளம்பும்போது புது இன்ஜின் பாலிதீனுக்குள்ளிருந்து பழைய இன்ஜினைப் பார்த்து ஏக்கமாகக் கேட்டது:

"அண்ணே, எனக்கெல்லாம் செருப்பு எப்ப வைப்பாங்க?"