செம்மண் ஒரு கூடை

வன்னியப்பர் தம் குருவைவிட நான்கு வயது மூத்தவர். வீட்டு மனைகளின் மண்ணைச் சோதித்துச் சொல்வது குருவின் வேலை. ஒரு பிடி மண்ணைக் கசக்கிப் பார்த்து, மண்வகைகளுக்குள்ள நாற்பத்தொரு பெயர்களில் அதன் பெயரைப் பிசகாமல் சொல்லிவிடுவது சீடரின் பெருமை.

சோதனை எளியது. குழி தோண்டி, எடுத்த மண்ணையே திருப்பிப் போட வேண்டும். மிஞ்சினால் மிகைமண். மட்டமாக நின்றால் சமமண். இரண்டிலும் வீடு கட்டலாம். குழி நிரம்பாவிட்டால் குறைமண். அதில் எந்தக் கொத்தனாரும் அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்க மாட்டார்.

ஆவுடைத்தாயின் கரிசல் மனையில் வன்னியப்பர் தனியாகத் தோண்டினார். இருபத்து நான்கு கூடை மண் வந்தது. இருபத்து நான்கையும் திருப்பிப் போட்டார். குழி ஒரு சாண் இறங்கியே நின்றது. குனிந்து காதை வைத்தார். அடியில் யாரோ தண்ணீர் விழுங்குவதுபோல் ஒரு சத்தம்.

"என்ன சாமி, எம் மண்ணு பேசுதா?"

ஆவுடைத்தாய் சிரித்துக்கொண்டே வந்தாள். புருஷனை இழந்தவள். இரண்டு பெண்பிள்ளைகளோடு கொழுந்தன் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் படுக்கிறாள்.

"நல்ல வார்த்தையாச் சொல்லுங்க. இதை விட்டா எனக்கு வேற இடமில்லை."

குறைமண் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

"காலையில் குரு வந்து சொல்வார்."

அவள் போனதும் மேட்டிலிருந்து ஒரு கூடை செம்மண் சுமந்து வந்து கொட்டினார். குழி மட்டமானது. சிவப்பு தெரியாதபடி மேலே கரிசல் பொடியைத் தூவினார்.

விடிந்ததும் குரு, வன்னியப்பர், ஆவுடைத்தாய் மூவரும் வந்தார்கள்.

குழி மறுபடியும் ஒரு சாண் இறங்கியிருந்தது. ஓரத்தில் செம்மண், ஒரு பொட்டுக் கறுப்பு கலக்காமல், கூடையைக் கவிழ்த்த வடிவில் குவிந்திருந்தது. சுற்றிலும் காலடித் தடமே இல்லை. வன்னியப்பரின் தடம்கூட இல்லை.

"எத்தனை கூடை?" என்றார் குரு.

"எடுத்தது இருபத்து நான்கு."

"போட்டது?"

"இருபத்து நான்கு."

"கரிசல்ல செம்மண்ணு ஏது சாமி?" என்றாள் ஆவுடைத்தாய்.

வன்னியப்பர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஐயா, இது நாற்பத்தொன்றில் இல்லை. இந்த மண்ணுக்கு என்ன பெயர்?"

"எந்த மண்ணுக்கு?"

"இந்த... விழுங்குகிற மண்ணுக்கு."

"அது தன்னுடையது எது, இல்லாதது எது என்று சொல்லிவிட்டது. அதன் பெயரை நான் பார்த்துக்கொள்கிறேன்." குரு செம்மண் குவியலைக் காட்டினார். "இதன்மேல்தான் இரண்டு பிள்ளைகள் படுத்துத் தூங்க இருந்தார்கள். இதற்கு நீர் ஒரு பெயர் சொல்லும். என்னிடம் வேண்டாம். அவளிடம்."