வடக்கே தலை வைக்காத ஓட்டல்

தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுக்கிறீர்கள்? கிழக்கோ தெற்கோ, அது உங்கள் சௌகரியம். வடக்கே மட்டும் வைத்திருக்க மாட்டீர்கள். நம் ஊரில் யாரும் வைப்பதில்லை. ஆனால் அதற்காக ஐரோப்பா வரைக்கும் கடிதம் எழுதிக் கேட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

அவர் பெயர் ஆவுடையப்பன். தென்காசிப் பக்கம் முப்பத்தாறு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நிலத்தில் கால் வைத்தாலும் முதலில் வடக்கு எதுவென்று பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் பித்தளை மூடி போட்ட திசைகாட்டி சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. இறங்கிப் போனது தூக்கம்தான்.

அந்தத் தூக்கத்தைத் தேடித்தான் செண்பகவல்லியிடம் வந்தார். அவள் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவள். வயது முப்பத்தொன்று, கையில் பத்து மாதக் குழந்தை. தன் மகளை விட இளையவளை "அம்மா" என்று கூப்பிட அவர் கூச்சப்பட்டதே இல்லை. எட்டு மாதமாக வருகிறார். பாயை விரிக்கும் முன் திசைகாட்டியைத் திறந்து கிழக்கு பார்த்துத்தான் விரிப்பார். அவளும் ஒன்றும் சொன்னதில்லை.

அன்று காலை பாயை விரித்தும் அவர் உட்காரவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"நல்ல ஓட்டலை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முக்தி கேப்பீங்கன்னு நினைச்சேன்."

"அதை அப்புறம் கேக்கேன். இது இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும்."

விஷயம் இதுதான். அவர் மனைவி வடிவு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். கரும்பலகையில் வருஷா வருஷம் ஆல்ப்ஸ் மலையை வரைந்து, வருஷா வருஷம் அழித்தவள். மதுரைக்கு வடக்கே போனதில்லை. முதல் முறையாக இருவரும் ஐரோப்பா கிளம்புகிறார்கள். ரோம், பாரிஸ், சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை ஊர் ஒன்று. நாளை மறுநாள் சென்னையில் விசாவுக்குப் போய் நிற்க வேண்டும். தங்கும் இடம் பதிவு செய்த சீட்டு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது கார்த்திகையில்தான் கிடைக்கும். அந்தக் குளிரை வடிவின் முழங்கால் தாங்காது.

"எத்தனை ஓட்டல் பாத்தீங்க?"

"மூணு வாரத்துல நாப்பத்திமூணு."

"ஒண்ணு கூடவா அமையல?"

"எல்லாத்துலயும் கட்டில் கோளாறு. வானத்துலேருந்து எடுத்த படத்துல கட்டடத்தப் பாத்து, அறைப் படத்துல ஜன்னலப் பாத்து, தலைமாடு எந்தத் திசைன்னு கணக்குப் போட்டேன். சந்தேகம் வந்தா எழுதிக் கேட்டேன்."

"பதில் போட்டாங்களா?"

"மரியாதையாப் போட்டாங்க. பாரிஸ்ல ஒரு ஓட்டல்ல கட்டிலே வட்டம். அதுக்கு எது தலைமாடுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் அதையும் அடிச்சிட்டேன்."

"ஊருக்கு மூணு நாள் படுக்கிறதுக்கு மூணு வாரமா?"

ஆவுடையப்பன் பாயின் ஓரத்தை நீவி நேராக்கினார்.

"உங்க வீட்டம்மா என்ன சொல்லுதாங்க?"

"அவ ஊருக்கு ஒண்ணா மூணு ஓட்டலை முதல் நாளே குறிச்சிட்டா. லிப்ட் இருக்கணும், வெந்நீர் வைக்க வசதி இருக்கணும், ஏரிக்கரை ஊர்ல மட்டும் ஜன்னலைத் திறந்தா பனிமலை தெரியணும். அவ்வளவுதான் அவ கேட்டது."

"அப்படி ஓட்டல் இருக்கா?"

"இருக்கு. அருமையான ஜன்னல். கட்டில்தான் வடக்குச் சுவரோட சேர்த்துப் பூட்டியிருக்கு. தலையணையைக் கால்மாட்டுல போட்டுப் படுத்தாப் போச்சுன்னு அவ சொன்னா."

"சரிதானே?"

"தலைமாட்டுல காலை நீட்டினா நல்லாவா இருக்கும்மா? விளக்கு சுவிட்சு வேற அந்தப் பக்கம்."

அவர் குரல் இறங்கியது.

"இன்னைக்குக் காலையில அவ ஒண்ணும் பேசல. மேஜை மேல எடுத்து வச்சிருந்த பெட்டியைத் துணியால துடைச்சா. தூக்கிப் பழையபடி பரண்ல ஏத்திட்டா."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை சிணுங்கியது. உத்தரத்துக் கொக்கியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கும் சேலைத் தொட்டில். செண்பகவல்லி எழுந்து குழந்தையை அதில் படுக்கப் போட்டாள்.

"ஐயா, அடுப்புல பருப்பு கிடக்கு. கொஞ்சம் ஆட்டி விடுங்க."

"தலை எந்தப் பக்கம் இருக்கணும்?"

"ஆட்டுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவர் ஆட்டினார். மகளை ஆட்டிய பழைய கை, தாளம் மறக்கவில்லை. சிணுங்கல் மெலிந்தது, பிறகு நின்றது. ஒற்றைக் கயிறு ஆயிற்றே, தொட்டில் ஆடிய ஆட்டத்தில் மெல்லச் சுற்றவும் செய்தது. குழந்தையின் தலை தெற்கே இருந்து கிழக்கே போயிற்று. கிழக்கே இருந்து நகர்ந்து நேராக வடக்கே வந்தது.

 அவர் கை தானாகப் பாய்ந்து தொட்டிலைப் பிடித்தது. ஆட்டத்தை நிறுத்தி, கயிற்றின் முறுக்கை எதிர்த்து, மெல்ல மெல்லத் தெற்கே திருப்பினார்.

குழந்தை வீலென்று கத்தியது.

செண்பகவல்லி கரண்டியோடு அடுக்களை வாசல்படியில் வந்து நின்றாள். தொட்டில் பக்கம் வரவில்லை.

"இப்ப தலை எந்தப் பக்கம் ஐயா?"

"தெற்கேம்மா. சரியாத் தெற்கே."

"பின்னே ஏன் அழுதா?"

அதற்குப் பதிலைக் குழந்தையே இன்னும் உரக்கச் சொன்னது.  அவர் கையை எடுத்தார். முறுக்கிய கயிறு தானாகப் பிரிந்து தொட்டிலைச் சுற்றிவிட்டது. அவர் மறுபடி ஆட்டத் தொடங்கினார். இந்தத் தடவை ஏதோ பாட்டு மாதிரி ஒன்றை முனகினார். அதில் ராகமும் இல்லை, வார்த்தையும் இல்லை. குழந்தைக்கு அது போதுமாக இருந்தது. விசும்பல் ஒன்று, கொட்டாவி ஒன்று, அப்புறம் தூங்கிவிட்டது.

"இப்ப தலை எந்தப் பக்கம்?"

ஆவுடையப்பன் விழித்தார்.

"பாக்கலையேம்மா."

செண்பகவல்லி பருப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

 அவர் ஓசைப்படாமல் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டார்.

"வடிவு."

"ம்."

"நீ குறிச்சியே மூணு ஓட்டல். அந்த மூணையும் புக் பண்ணிடு."

போனை மறு காதுக்கு மாற்றினார்.

"கேக்குதா?"

"ஏங்க, அந்த ஜன்னல் ஓட்டல்ல கட்டில் வடக்கால இருக்கே."

"இருந்துட்டுப் போகுது. தலையணையைத் திருப்பிக்கிடுவோம்."

"சுவிட்சு?"

"நான் எழுந்து போய் அணைச்சிட்டு வாரேன். நீ மலையைப் பாரு."

 அந்தப் பக்கம் ஏதோ உரசும் ஓசை.

"வடிவு, என்ன செய்யுத? ஸ்டூல்ல ஏறாத! முழங்காலோட பரண்ல கையை வைக்காத. பெட்டியை நான் வந்து இறக்குதேன்."

"பேசிக்கிட்டே இருங்க. பெட்டி தரைக்கு வந்தாச்சு" என்று சிரித்தாள் வடிவு. அவள் சிரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஆவுடையப்பன் உள்ளே வந்து பாயைச் சுருட்டினார். இன்றைக்குப் பயிற்சி வேண்டாம், சென்னை ரயிலுக்கு மூட்டை கட்ட வேண்டும் என்றார். செண்பகவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். போய் வருகிறேன் என்று கும்பிட்டு, அவர் செருப்பை மாட்டக் குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்து திசைகாட்டி வெளியே எட்டிப் பார்த்தது. பழக்கம் போல ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, ஒரு உதவி."

"சொல்லுங்கம்மா. அங்கேருந்து என்ன வாங்கிட்டு வரணும்?"

"வாங்கிட்டு வர ஒண்ணும் வேண்டாம். பாப்பா முழிச்சா விளையாட எதுவுமில்ல. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அந்தத் திசைகாட்டியை இவகிட்டக் குடுத்துட்டுப் போங்களேன்."