கட்டம் சிவந்த கதை

கட்டங்கள் பேசிய காலம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தால் போதும், திரையில் இருக்கும் கட்டங்களுக்கு வாய் ஓயாது. "சாப்பிட்டீங்களா?" என்று பெயர்க் கட்டம் கேட்கும். "உங்க ஊர்ல மழை உண்டா?" என்று முகவரிக் கட்டம் கேட்கும். தப்பை மட்டும் சொல்லாது. முகத்துக்கு நேரே தப்புச் சொல்வது மரியாதை இல்லை என்று அவற்றுக்கு நினைப்பு. தப்பு இருந்தால் அடியில் இருக்கும் 'அனுப்பு' பொத்தான், "விவரம் சரியில்லை" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான்.

ஒரு நாள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து செண்பகவல்லி வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள். நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தால்தான் அங்கிருந்து வெளியே வர முடியும். விண்ணப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள்.

குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? அவள் அப்பா சுடலைமுத்துவின் முதலெழுத்தை, 'சு' என்று மட்டும் போட்டாள். அந்தக் கட்டத்தில் ஓரெழுத்து செல்லாது. "விவரம் சரியில்லை" என்றது பொத்தான்.

"எதுன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள்.

குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. 'உன் பேர் பத்தாது' என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "வெயில் ஜாஸ்தி, இல்லம்மா?" என்று பேச்சை மாற்றியது. பாழாய்ப்போன மரியாதை!

அவளோ சரியாக இருந்ததையெல்லாம் சந்தேகப்பட்டாள். "என் நம்பர் புதுசு, அதான் ஏத்துக்கல போல" என்று தன் செல் நம்பரை அழித்துவிட்டு மாமாவின் நம்பரைப் போட்டாள். அப்போதும் போகவில்லை. எதை எதையோ மாற்றிப் பார்த்து, கடைசியில் 'சுடலைமுத்து' என்று முழுதாக அடித்தாள். போய்விட்டது. மாமாவின் நம்பரும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். மாமா லாரி ஓட்டிக்கொண்டு சத்தீஸ்கர் காட்டுக்குள் இருந்தார். டவர் இல்லை. இடம் அடுத்த பெண்ணுக்குப் போனது. செண்பகவல்லி நேரில் போய்க் கேட்டபோது, "நீங்க குடுத்த நம்பருக்கு அடிச்சோமேம்மா" என்றார்கள்.

அவள் திரும்பி வந்து அதே பக்கத்தைத் திறந்தாள். குடும்பப் பெயர்க் கட்டத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

கட்டத்தின் ஓரமெல்லாம் சிவந்துபோயிற்று. "தெரியும்மா. ஓரெழுத்து பத்தாது, முழுப் பேர் வேணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"இப்பச் சொல்லி?" என்றாள். எழுந்து தீப்பெட்டி ஆபீசுக்கே போய்விட்டாள்.

கட்டங்கள் அரட்டையை விட்டது அன்றைக்குத்தான். தப்பாக அடித்தால் அந்தக் கட்டம் மட்டும் சிவப்பதும், இன்னது வேண்டும் என்று தன் அடியிலேயே ஒரு வரி காட்டுவதும் அதற்குப் பிறகு வந்த வழக்கம். அந்தச் சிவப்பைப் பார்த்து நம்மைத் திட்டுகிறதோ என்று நினைக்கிறோம். அது செண்பகவல்லியிடம் பட்ட வெட்கம், இன்னும் ஆறவில்லை.