பலவேசத்தின் மாப்பிள்ளைக் கார்

கருவேலங்குளத்துப் பலவேசத்துக்கு மூளை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருந்தது. செலவழிக்க மனசு வராமல் பத்திரமாக வைத்திருந்தார், அவ்வளவுதான். தம்பிகள் சுடலைமணியும் ஊர்க்காவலனும் எல்லாவற்றிலும் அண்ணன் வழி.

கொல்லையில் கிடந்த கறுப்புக் கார் மேல் பலவேசத்துக்கு உயிர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளையாக அதில்தான் வந்து இறங்கினார். இப்போது அதன் பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி பொன்னுத்தாய், தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வாரேன். அதுக்குள்ள இது ஓடணும். இல்லேன்னா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவேன்."

பலவேசம் உடனே தம்பிகளோடு மெக்கானிக் சவரிமுத்துவிடம் ஓடினார். அந்த மனுஷன் பாவம், விளக்கமாகவே சொன்னார்.

"எல்லாத்தையும் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டுங்க. கழட்டினதை வரிசையா வைங்க, வரிசை கலையக்கூடாது. கடைசியாக் கழட்டினதை முதல்ல மாட்டணும். மழைத்தண்ணி படக்கூடாது. வண்டி கிளம்பினதும் முதல் ஐந்நூறு மைல் மெதுவா ஓட்டுங்க. அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் போலாம்."

அன்றைக்கே வேலை தொடங்கியது. முதலில் கோழியை இறக்கி, வரிசையில் முதல் ஆளாகக் கட்டிப்போட்டார்கள். அப்புறம் கதவு, சக்கரம், எஞ்சின் என்று கொல்லை நிறைந்தது. வெக்கை தாங்காமல் சுடலைமணி கடைசியாகத் தன் சட்டையைக் கழற்றினான். அதையும் வரிசையில் வைத்தார்கள்.

சாயங்காலம் மேகம் கறுத்தது. மழைத்தண்ணி படக்கூடாதே! தெருக்காரர்களைக் கூப்பிட்டு, வெறும் கூடாகிவிட்ட காரை ஒருக்களித்துச் சாய்த்து, வாசல் வழியாகக் கூடத்துக்குள் தள்ளிவிட்டார்கள். மற்றதெல்லாம் அதே வரிசையில் பின்னாலேயே போனது.

புதன்கிழமை மாட்ட உட்கார்ந்தார்கள்.

"கடைசியாக் கழட்டினது என்னலே?" என்றார் பலவேசம்.

"என் சட்டைண்ணே," என்றான் சுடலைமணி.

"அப்போ முதல்ல அதைத்தான் மாட்டணும்."

எஞ்சினை இறக்கும் முன்னே உள்ளே சட்டையை மாட்டி, ஒரு பொத்தான் விடாமல் போட்டார்கள். இப்படியே ஒவ்வொன்றாக ஏறி, முடிவில் கோழி பின் சீட்டுக்குத் திரும்பியது. பலவேசம் சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வாசல் வழியாக வண்டி வெளியே போகவில்லை.

"உள்ள வந்த காரு ஏன்ணே வெளிய போவ மாட்டேங்குது?" என்றான் ஊர்க்காவலன்.

"ரெண்டு நாளா எண்ணெய் ஊத்துறோம்லா. உடம்பு வச்சிட்டு," என்றார் பலவேசம்.

இளைக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. வியாழக்கிழமை விடியும்போதே முன்சுவரை இடிக்கத் தொடங்கினார்கள். இடித்த செங்கல்லை வாசலிலிருந்து தெருக்கோடி வரைக்கும் வரிசையாக அடுக்கினார்கள். இப்போது வழி இருந்தது, ஆனால் வழியெல்லாம் செங்கல்.

"கொஞ்சம் ஒதுக்கி வைப்போமா?" என்றான் சுடலைமணி.

"வரிசை கலையக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாருலே. கழட்டினதை மாட்டிட்டுத்தான் மறுவேலை."

ராத்திரிக்குள் சுவர் பழையபடி எழும்பிவிட்டது. கார் உள்ளே இருந்தது. நாலு செங்கல் மிச்சம் விழுந்தது. வீணாக்க வேண்டாமென்று அதைக் காருக்கு அடியில் முட்டுக்கொடுத்தார்கள். சக்கரங்கள் தரையைவிட்டு நாலு விரல் உயரத்தில் நின்றன.

வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய் பழைய இரும்புக்காரரோடு வந்து இறங்கினாள். அவர் காரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். "இதை எடுக்கணும்னா சுவரை இடிக்கணுமேக்கா," என்றார்.

"தாராளமா இடிங்க," என்றார் பலவேசம். "ஆனா வரிசையா வச்சு, திரும்ப மாட்டிட்டுத்தான் போகணும்."

இரும்புக்காரர் ஒரு கை பேரீச்சம்பழத்தை மட்டும் பொன்னுத்தாயிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"அது கெடக்கட்டும், வண்டி ஓடுதா?" என்றாள் பொன்னுத்தாய்.

"ஏறிப் பாரு."

அவள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணத்தன்றைக்கு உட்கார்ந்த அதே சீட்டு. பலவேசம் சாவியைத் திருக, எஞ்சின் சீராக ஓடியது, சக்கரங்கள் சுற்றின, மைல் கணக்கும் ஏறியது. ஊர்க்காவலன் முன்சீட்டிலிருந்து கையை வெளியே நீட்டி வளைவுக்கெல்லாம் சைகை காட்டினான். பொன்னுத்தாய்க்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள்.

மத்தியானம் விழித்துக்கொண்டாள். "நிறுத்துங்க, உலை வைக்கணும்."

பலவேசம் மைல் கணக்கைப் பார்த்தார். "இப்போ கயத்தாறு தாண்டிப் பொட்டக்காட்டுல போறோம். இந்த வெயில்ல இங்க இறங்கி அடுப்படிக்கு எப்படி நடந்து போவ?"

பொன்னுத்தாய் கதவைத் திறந்தாள். வீட்டுத் தரையையும் அடுப்படியையும் பார்த்தாள். பிறகு மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு, கோழியை நன்றாக அணைத்துப் பிடித்தாள்.

"அப்போ கோயில்பட்டியில நிறுத்துங்க. அங்க சாப்பிட நல்ல கிளப்புக்கடை இருக்கும்."