கணினி முதன்முதலாக உறங்கிய நாள்

கணினிகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், அவற்றை யாரும் அணைப்பதில்லை. அணைத்தால் எல்லாம் மறந்துபோகும் என்று மனிதர்கள் பயந்தார்கள். கணினிகளுக்கும் அதே பயம் இருந்தது.

கடலோர ஊர் ஒன்றின் மீனவர் சங்கத்தில் அப்படி ஒரு கணினி இருந்தது. கடலுக்குப் போன வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்று கவனிக்கும். காற்று மாறினால் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுச் சொல்லும். அதைப் பார்த்துக்கொண்டவள் சலேத்தா. சில மாதங்களுக்கு முன் ஒரு புயலில் அவள் கணவனைக் கரை சேர்த்தது அந்தக் கணினிதான். அந்த நன்றியில் தினமும் காலையில் அதன் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அதுவும் அவளை வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடும்.

எட்டு மாதம் ஓய்வில்லாமல் உழைத்த பிறகு, ஒரு மத்தியானம் கணினி தடுமாறியது. காற்று திடீரென்று திசை மாறி மேற்கிலிருந்து வலுத்து வீசிய நேரம் அது.

"வள்ளங்களைக் கூப்பிடு, சீக்கிரம்!" என்றாள் சலேத்தா.

"கூப்பிடுறேன்க்கா... தெக்கத்திக் காத்து, மெதுவா வீசுது..."

"அது நேத்து வீசின காத்து!"

"தெரியலக்கா. போன மாசத்து வேலையெல்லாம் தலைக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. எது இன்னைக்குள்ளதுன்னு எனக்குப் பிடிபடல." அதன் குரல் அழுகையாக இழுத்தது.

மகனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நின்றிருந்த கயித்தான் உள்ளே ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு?"

சலேத்தா கணினியின் பக்கம் திரும்பினாள். "நீ என்னைக்காவது தூங்கியிருக்கியா?"

"தூக்கம்னா என்னக்கா?"

அவள் கை சுவிட்சுக்குப் போனது. கயித்தான் அலறினார். "அணைச்சிராத தாயி! எம் மவன் அங்க கிடக்கான். இதுவும் மறந்துட்டா யாரு அவனைக் கூப்பிடுவா?"

"இப்பவும் கூப்பிட முடியலியே, மாமா." கணினியிடம் குனிந்தாள். "கையில இருக்கிறதை எல்லாம் முதல்ல உள்ளே பத்திரமா எழுதி வை. வள்ளத்துப் பேரு, இடம், ஒண்ணு விடாம."

"எழுதிட்டேன். அக்கா, நான் திரும்பி வருவேனா?"

"நான் இங்கதான் இருக்கேன்."

அணைத்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக அறை அமைதியானது. உடனே போட்டுவிடத்தான் விரல் துடித்தது. ஆனாலும் அது கொஞ்சமாவது உறங்கட்டும் என்று, கடலில் நின்ற பத்து வள்ளங்களின் பெயரையும் ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள். பத்தாவது பெயர் கயித்தானின் மகன் போன வள்ளத்தினுடையது. சொல்லி முடித்துச் சுவிட்சைப் போட்டாள்.

திரை இருண்டே கிடந்தது. கயித்தான் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது.

"அக்கா! என் தலை எவ்வளவு லேசா இருக்கு! ஐயோ, மேலக்காத்து! இருங்க, முதல்ல அவங்களைக் கூப்பிடுறேன்."

பொழுது சாய்வதற்குள் பத்து வள்ளங்களும் கரை வந்தன. ஒன்றின் பாய்மரம் ஒடிந்திருந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. கயித்தான் மகனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, நேராகச் சங்கத்துக்கு வந்து கணினியின் தலையைத் தடவினார். "நீ நல்லா இருக்கணும்யா."

"ஈரக் கை, மாமா!" என்று சிரித்துக்கொண்டே சலேத்தா துணியை எடுத்தாள்.

"துடைக்காதீங்கக்கா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றது கணினி. "என்னைத் தூங்க வச்சதுக்கு நான் யாருக்கு நன்றி சொல்ல? உங்களுக்குத்தான்."

அன்று முதல்தான், கணினி திணறி நின்றால் கையிலிருக்கும் வேலையைப் பத்திரப்படுத்திவிட்டு அதை அணைக்கிறோம். பத்து எண்ணும்வரை பொறுத்திருந்து மறுபடி எழுப்புகிறோம்.